அடுப்புக்குப் பூட்டு வந்த கதை

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய வீட்டில் என்றாவது ஒரு காலை இப்படி விடியும். ப்ளக் சரியாகச் சொருகியிருக்கும். சுவிட்ச் போட்டிருக்கும். சின்ன விளக்கும் எரியும். பால் பாத்திரத்தை வைத்துப் பொத்தானைத் தொட்டால் ஒரு ‘பீப்’ மட்டும் வரும், சூடு வராது. திரையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தோ, குட்டியாக ஒரு பூட்டுப் படமோ நிற்கும். அடுப்பு கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பிள்ளைகள் பிரான்சில் இருக்க, வயதானவர்கள் தனியே சமைத்துச் சாப்பிடும் வீடுகள் புதுச்சேரியில் ஏராளம். அந்த வீடுகளில் அன்றைய காப்பியே நின்றுபோகும். ஆனால் எதுவும் கெடவில்லை. அடுப்பு பூட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பூட்டு ஏன் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், திறக்கும் வழியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேஸ் அடுப்பிலும் பூட்டு உண்டு. நாம் அதைப் பூட்டு என்று நினைப்பதில்லை. குமிழை உள்ளே அமுக்கித் திருப்பினால்தான் கேஸ் வரும். வெறுமனே திருப்பினால் அசையாது. புடவைத் தலைப்பு பட்டாலோ குழந்தையின் கை பட்டாலோ திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஒரே குமிழ் விசையாகவும் பூட்டாகவும் இருக்கிறது, அடுப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் அடையாளமாகவும் இருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். இண்டக்‌ஷன் அடுப்பு இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டது.

பிரித்ததன் வேர் 1855-இல் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். பிரான்சில் லியோன் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி ஒரு செப்புத் தட்டைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே சுழலவிட்டார். தட்டைச் சுழற்றுவது கடினமாயிற்று, தட்டும் சூடேறியது. நெருப்பில்லை, உராய்வும் இல்லை. காந்தப்புலத்தில் அசையும் உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழித்துக்கொண்டு அதைச் சூடாக்குகிறது. பூமி சுழல்வதை ஊசலைத் தொங்கவிட்டு ஊருக்கே காட்டிய அதே ஃபூக்கோதான் இவர். இண்டக்‌ஷன் அடுப்பில் தட்டுக்குப் பதிலாகக் காந்தப்புலம் அசைகிறது. அடியில் இருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் நொடிக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல் திசை மாற, மேலே வைத்த இரும்புப் பாத்திரத்தின் அடிப்பாகம் தானே அடுப்பாகிவிடுகிறது.

அந்தச் சுருளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு பலகை வேண்டும். சூட்டில் வெடிக்கக் கூடாது, காந்தப்புலத்தை மறிக்கவும் கூடாது. அது கிடைத்தது ஒரு தவறால். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரி செல்சியஸில் வைக்க நினைத்தார். உலை கட்டுப்பாடு இழந்து 900 வரை ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்கும் என்று கதவைத் திறந்தவர், பால்வெள்ளையாக மாறி அப்படியே நிற்கும் துண்டைப் பார்த்தார். எடுக்கும்போது இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. கண்ணாடிப் பீங்கான் என்ற பொருள் அன்று பிறந்தது.

இரண்டையும் சேர்த்து வீட்டு அடுப்பாக்கிய முன்னோடிகளில் வெஸ்டிங்ஹவுஸ் முக்கியமானது. 1971-இல் ஹூஸ்டனில் நடந்த வீடு கட்டுவோர் மாநாட்டில் அது ஒற்றை பர்னர் அடுப்பைக் காட்டியது. பின்னர் ‘கூல் டாப் 2’ என்ற நான்கு பர்னர் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 1,500 டாலர். அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் விலை. எனக்கு அதில் பிடித்த இடம் அதன் கட்டுப்பாடுதான். மேற்பரப்பில் ஒரு துளைகூடக் கிடையாது. நான்கு காந்தத் துண்டுகளை மேலே நகர்த்தினால், அடியில் இருக்கும் நான்கு மின்தடைகள் அவற்றுக்கு ஏற்ப மாறும். குழம்பு பொங்கி வழிந்தாலும் உள்ளே இறங்க வழியில்லை. துளையில்லாத அடுப்பு, ஒரே துடைப்பில் சுத்தமாகும் அடுப்பு என்ற ஆசை அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த ஆசையின் அடுத்த படி, தொட்டாலே வேலை செய்யும் விசை. 1965-இல் இங்கிலாந்தின் மால்வர்னில் ஈ. ஏ. ஜான்சன் விரல் தொடுவதை உணரும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக யோசித்தது அது. நுணுக்கம் எளிமையானது. நம் உடம்பு உப்புநீர் நிறைந்தது, மின்னேற்றத்தைத் தாங்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் உலோகத்தின் அருகே விரல் வந்தால் அங்கே உள்ள மின்தேக்கத் திறன் கொஞ்சம் கூடும். சில்லு அதை அளந்து “விரல் வந்தது” என்று முடிவு செய்யும். பல இண்டக்‌ஷன் அடுப்புகளைக் கழற்றினால், மேல்கண்ணாடியைத் தொட்டபடி சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ஸ்பிரிங். பேனாவுக்குள் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் பருமன்.

சிக்கல் பிறந்ததும் அந்த ஸ்பிரிங்கில்தான். உப்புநீர் விரலில் மட்டுமா இருக்கிறது? சிந்திய குழம்பிலும் இருக்கிறது, ஈரத்துணியிலும் இருக்கிறது, மேடையில் ஏறும் பூனையின் பாதத்திலும் இருக்கிறது. அமுக்கித் திருப்பும் குமிழுக்கு ஈரத்துணி ஒரு பொருட்டே அல்ல. தொடுவிசைக்கோ அது ஒரு பெரிய விரல். யார் தொடுகிறார்கள் என்று பிரித்தறிய அடுப்பால் முடியாததால், எவ்வளவு நேரம் தொடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லிவைத்தார்கள். மூன்று விநாடி, சில அடுப்பில் அதற்கும் மேலே, ஒரே இடத்தில் அசையாமல் வைத்த விரல் தற்செயலாக வந்ததாக இருக்காது என்ற நம்பிக்கை. சைல்ட் லாக் பிறந்தது இப்படி. அதற்கென்று உள்ளே தாழ்ப்பாளோ கொக்கியோ தேட வேண்டாம். சில்லுக்குள் எழுதிய சில வரிகள்தான் பூட்டு.

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு நேர்ந்தது இதையே தலைகீழாகக் காட்டியது. வடகம் தாளித்த மீன் குழம்பு பொங்கிப் பொத்தான்கள் மேல் வழிந்திருக்கிறது. அத்தை அடுப்பை நிறுத்திவிட்டு, ஈரத்துணியை அங்கேயே வைத்து அழுத்தித் துடைத்திருக்கிறார். பூட்டுப் பொத்தானின் மேல் துணி மூன்று விநாடிக்கு மேல் இருந்துவிட்டது. அடுப்பு சொன்னபடி கேட்டுப் பூட்டிக்கொண்டது. நான் போனபோது பாரிஸ் பக்கம் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“பூட்டுப் படம் இருக்கும் பாரும்மா. அதும்மேல விரல வை.”

“வச்சேன்டா. கத்துது, எரியல.”

“எடுக்காம வச்சியா?”

“தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.”

தொட்டுத் தொட்டு எடுத்தால் அடுப்பு அதைத் தற்செயல் என்றே கணக்கில் வைக்கும். காய்ந்த துணியால் கண்ணாடியை ஒற்றி எடுத்தோம். அத்தை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பூட்டுப் படத்தின் மேல் வைத்து, எடுக்காமல் இருந்தார். ‘எல்’ மறைந்தது.

திறக்கும் முறை மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். முதலில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும், விரல் காய்ந்திருக்க வேண்டும், பாத்திரத்தின் விளிம்பு எந்தப் பொத்தானையும் மறைக்கக் கூடாது. பிறகு ஒரே அழுத்தமாக விரலை வைக்க வேண்டும். தனிப் பூட்டுப் பொத்தான் இல்லாத அடுப்பில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தச் சொல்லியிருப்பார்கள். அது அடுப்புக்கு அடுப்பு மாறும், கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சுவிட்சை அணைத்து ப்ளக்கைக் கழற்றி, சில நிமிடம் விட்டுச் சொருகலாம். சில்லுக்குள் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து அது புதிதாகத் தொடங்கும். ஆனால் மேடையில் பதித்த சில அடுப்புகள் மின்சாரம் போய் வந்தாலும் பூட்டை மறக்காது. அவற்றுக்கு விரல்தான் சாவி. காய்ந்த கண்ணாடியிலும் எந்தப் பொத்தானும் விரலை உணரவில்லை என்றால், அப்போது ரிப்பேர்காரரைக் கூப்பிடலாம். கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் கரப்பானும் காற்றுத் துளை வழியே உள்ளே மின்சுற்றுப் பலகைவரை போகும் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவு தொல்லை தரும் பூட்டு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் 11.2 லட்சம் மின் அடுப்புகளுக்குத் திரும்ப அழைப்பு விட்டது. முன்பக்கக் குமிழில் மனிதர்களோ வளர்ப்புப் பிராணிகளோ இடித்து அடுப்பு தானாக எரிந்ததில் சுமார் 250 தீ விபத்துகள், சுமார் 40 பேருக்குக் காயம். தீர்வாக இலவசமாகக் கொடுத்தது குமிழ்ப் பூட்டு அல்லது மூடிதான். பூட்டு கட்டாயம் வேண்டும். அது எப்படித் திறக்கும் என்று அடுப்பின் மேலேயே தமிழில் ஒரு வரி அச்சடித்துத் தருவதும் கட்டாயம் வேண்டும். கண்ணாடியின் மூலையில் கடுகளவு பூட்டுப் படத்தைப் போட்டுவிட்டு, 70 வயதுக்காரர் ஊகித்துக்கொள்வார் என்று விடுவது அநியாயம்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் பாதுகாப்பு விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தொடுவிசை அடுப்பைச் சூடேற்றக் குறைந்தது இரண்டு முறை தொட வேண்டும், அணைக்க ஒரே தொடுதல் போதும் என்கிறது அது. பெரும்பாலான அடுப்புகளில் பூட்டு விழுந்திருக்கும்போதும் ‘ஆஃப்’ மட்டும் வேலை செய்யும். புது அடுப்பு வாங்கும்போது கடையிலேயே பூட்டிவிட்டு அணைத்துப் பார்த்து வாங்குங்கள்.

குமிழும் திரும்பி வருகிறது. ஜெர்மனியின் நெஃப் நிறுவனம் கண்ணாடிமேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் குமிழைத் தருகிறது. துளை கிடையாது. திருகினால் சூடு கூடும், குறையும். கையோடு எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அடுப்பு பூட்டிக்கொள்ளும்.