ஜாஸ் இசையும் அமெரிக்க இலக்கியமும்

ஜாஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே உருவான இசை வகை. புளூஸ் பாடல், ராக்டைம் பியானோ, தேவாலயப் பாட்டு, தெரு ஊர்வலங்களின் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் இதில் கலந்தன. மெட்டும் அதற்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் (கார்டு) வரிசையும் முன்பே முடிவாகியிருக்கும். அவற்றின் மேல் கலைஞர் மேடையிலேயே புதிதாக வாசித்துக்காட்டும் மனோதர்மமே ஜாஸின் உயிர். எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் தாளத்தை முன்பின்னாகத் தள்ளுவதும், ஒரு கருவி கேட்க இன்னொன்று பதில் சொல்வதும் இதன் அடையாளங்கள். அமெரிக்க எழுத்தாளர்கள் தொடக்கத்தில் இந்த இசையைக் கதைக்களமாகக் கொண்டனர். பிறகு எழுதும் முறையையே இதிலிருந்து கற்றனர்.

தோற்றம்

நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி ஆப்பிரிக்கத் தாளங்களில் ஆடிப் பாடினர். அடிமைமுறை ஒழிந்த பின்னும் நிறப் பிரிவினை ஒழியவில்லை. ரயில் பெட்டிகளில் நிறவாரியாக மக்களைப் பிரிக்கும் சட்டத்தை லூயிசியானா 1890இல் இயற்றியது; 1896இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஐரோப்பிய இசைப் பயிற்சி பெற்றிருந்த, கலப்பு வம்சாவளியினரான கிரியோல் கலைஞர்களை இப்பிரிவினை கருப்பினத்தவரோடு ஒரே தட்டில் நிறுத்தியது. எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பவரும் காதால் கேட்டே வாசிப்பவரும் இப்படிக் கலந்ததில் ஜாஸ் வளர்ந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தொடக்ககாலத் தலைவராகக் கருதப்படும் கார்னெட் கலைஞர் படி போல்டன் 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் வாசிப்பு எதுவும் பதிவாகக் கிடைக்கவில்லை.

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. அதில் வாசித்த ஒரிஜினல் டிக்சிலேண்டு ஜாஸ் பேண்டு வெள்ளையரின் குழு. உருவாக்கியவர் ஒருவர், பெயரும் பணமும் பெற்றவர் வேறொருவர் என்ற நிலை ஜாஸ் வரலாற்றில் பலமுறை திரும்பியது.

வடக்கே நகர்வு

1910களில் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில், 1970க்குள் சுமார் 60 லட்சம் கருப்பினத்தவர் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினர். இசையும் அவர்களோடு சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனது. இசைக்குழுத் தலைவர் கிங் ஆலிவரின் அழைப்பில் 1922இல் சிகாகோ சென்ற லூயி ஆம்ஸ்ட்ராங், 1925 முதல் வெளியிட்ட ஹாட் ஃபைவ் குழுவின் இசைத்தட்டுகளில் தனிவாசிப்பை முன்னிறுத்தினார். கூட்டாக வாசிக்கும் இசை, தனிக் கலைஞரின் குரலாகவும் மாறியது. இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1927 முதல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் வாசித்தார். மேடையில் கருப்பினத்தவர், பார்வையாளர் வெள்ளையர் என்பது அங்கே விதி.

எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 1922ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பால் 1920களுக்கே ‘ஜாஸ் யுகம்’ என்ற பெயர் நிலைத்தது. அவர் எழுத்தில் ஜாஸ் என்றால் பணக்கார வெள்ளை இளைஞரின் விருந்தும் கொண்டாட்டமும். இசையைப் படைத்தவருக்கு அங்கே இடம் குறைவு.

ஹார்லெம் மறுமலர்ச்சி

1920களில் ஹார்லெமில் மலர்ந்த கருப்பினக் கலை இலக்கிய இயக்கமே ஹார்லெம் மறுமலர்ச்சி. ஃபிட்ஸ்ஜெரால்டு இசைப் படைப்பாளிகளுக்குத் தராத இடத்தைத் தந்தவர் அதன் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். 1926இல் வெளியான ‘தி வியரி புளூஸ்’ தொகுப்பில் பியானோ வாசிப்பவரையே கவிதையின் நாயகனாக்கினார். முதல் அடியைப் பாடி, அதையே மீண்டும் சொல்லி, மூன்றாவதில் பதிலிறுக்கும் புளூஸ் பாடலின் அமைப்பு அவர் கையில் கவிதை வடிவமானது. படித்த கருப்பின நடுத்தர வர்க்கத்தினர் பலர் ஜாஸைத் தாழ்வாகக் கருதிய காலத்தில், தம் மக்களின் ஆழ்ந்த வெளிப்பாடு அதுவே என்று அதே ஆண்டில் கட்டுரையும் எழுதினார்.

சுவிங்

1930களின் நடுவில் பெரிய இசைக்குழுக்களின் சுவிங் நாடெங்கும் நடன இசையானது. வெள்ளையரான குழுத் தலைவர் பென்னி குட்மன் 1938 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வெள்ளையரையும் கருப்பினத்தவரையும் ஒரே மேடையில் வாசிக்க வைத்தார். 1939இல் பாடகி பில்லி ஹாலிடே, கருப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்ட கும்பல் கொலைகளைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைப் பதிவு செய்தார். ஆடவைத்த இசை, அவையோரை அமைதியாக உட்கார்ந்து கேட்கவும் வைத்தது.

பீபாப்பும் புதிய உரைநடையும்

1940களில் ஹார்லெமின் மின்டன்ஸ் இரவு விடுதியில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் முதலியோர் நடனத்துக்கு எளிதில் வளையாத, வேகமும் சிக்கலும் மிகுந்த பீபாப்பை வளர்த்தனர். பார்க்கரின் சாக்ஸபோன் ஒரே மூச்சில் நீட்டும் சொற்றொடரைத் தம் உரைநடையில் கொண்டுவர முயன்றவர் ஜாக் கெரோவாக். 1957இல் வெளியான ‘ஆன் தி ரோடு’ நாவலில் அந்த ஓட்டம் தெரியும். ஆனால் கெரோவாக்கின் பார்வையில் ஜாஸ் பெரும்பாலும் கட்டற்ற பரவசம். அதன் பின்னிருந்த கடும் பயிற்சி மறைந்துபோனது என்ற விமர்சனமும் உண்டு.

இளமையில் டிரம்பெட் பயின்ற ரால்ஃப் எலிசனுக்கு அந்தப் பயிற்சி தெரியும். அவருடைய ‘இன்விசிபிள் மேன்’ (1952) நாவலின் நாயகன் நிலவறையில் ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டைக் கேட்டபடியே கதையைத் தொடங்குகிறான். ஜேம்ஸ் பால்ட்வின்னின் ‘சன்னிஸ் புளூஸ்’ (1957) சிறுகதையில், தம்பியின் பியானோவைக் கேட்கும், ஆசிரியராகப் பணிபுரியும் அண்ணன், அவன் பட்ட துன்பத்தை முதன்முறையாக உணர்கிறான். டோனி மாரிசன் 1992இல் ‘ஜாஸ்’ என்றே நாவல் எழுதினார். 1920களின் ஹார்லெமில் நடக்கும் அக்கதையின் முடிச்சைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, மெட்டைச் சுற்றி வாசிப்பதுபோல அதைப் பல குரல்களில் மாற்றி மாற்றிச் சொல்வதே அதன் கட்டமைப்பு.

அரசியலும் அங்கீகாரமும்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அவ்வகையில் 1958இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கும் 1963இல் எலிங்டனும் சென்னையிலும் வாசித்தனர். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கருப்பின மாணவர்கள் நுழையவிடாமல் தடுக்கப்பட்ட 1957இல், ஆம்ஸ்ட்ராங் அரசைக் கண்டித்து, திட்டமிட்டிருந்த சோவியத் பயணத்தை மேற்கொள்ள மறுத்தார். 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கருப்பினச் சிறுமியர் இறந்தபின் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ‘அலபாமா’வைப் பதிவு செய்தார்.

உள்நாட்டு அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்ற இசை நடுவர்களின் பரிந்துரையை 1965இல் புலிட்சர் பரிசுக் குழு நிராகரித்தது. 1987இல் நாடாளுமன்றம் ஜாஸை நாட்டின் அரிய செல்வமாக அறிவித்தது. 1997இல் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் ஜாஸ் கலைஞரானார். எலிங்டனுக்கு அந்தச் சிறப்பு விருது 1999இல், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் வழங்கப்பட்டது.