மடியில் வந்தவர்களின் குற்றம்

1983 கலவரத்துக்குப் பின் தோணியேறித் தமிழகம் வந்த ஈழத்தமிழர்களின் மடியில் இருந்த குழந்தைகள் எந்தச் சட்டத்தையும் மீறியவர்கள் அல்லர். ஆனால் 2003 குடியுரிமைத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தோரைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று வகுத்து, பதிவு வழியையும் இயல்புரிமை வழியையும் அடைத்தது. பெரியவர், குழந்தை என்ற வேறுபாடே அதில் இல்லை. விசித்திரம் வேறு: 1987 ஜூலை 1-க்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த அண்ணன் பிறப்பால் இந்தியர்; அதற்குப் பின் அங்கேயே பிறந்த தம்பி அயலார்.

கதவைத் திறந்தால் கூட்டம் பெருகும் என்பார்கள். இலங்கையை விட்டுவிட்ட 2019 குடியுரிமைத் திருத்தமே, 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. அதே வரம்பை ஈழத்தமிழர்களுக்கும் வைக்கலாமே. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இசைந்த நாடு இது. சுங்குவார்சத்திரம் ஆலைகளுக்கு வெளிமாநிலத்து இளைஞர்கள் வரும் இந்நாளில், இங்கேயே படித்து வளர்ந்தவர்களை அகதிப் பட்டியலில் வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.