அன்றாட ஆங்கிலத்தின் வினைத்தொடரும் தமிழ் வினையெச்சமும்: சிவகாசிப் பட்டாசு வழக்கை முன்னிட்டு ஓர் ஒப்பாய்வு

ஆங்கிலத்தைப் பல்லாண்டுகள் முறையாகப் பயின்று, அம்மொழியின் சட்ட நூல்களையும் விஞ்ஞான நூல்களையும் தடையின்றி வாசிக்கவல்ல தமிழ் மாணாக்கர், அம்மொழியினர் அடுக்களையிலும் அங்காடியிலும் வழங்கும் சின்னஞ்சிறு தொடர்களைக் கேட்குங்கால் பொருள் தெளியாது திகைப்பதேன் என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். சொற்பயிற்சியின் குறைவே காரணமென்பர் பலர். வினையும் வினையடையும் முன்னிடைச் சொற்றொடரும் பொருளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறை இருமொழிகளிலும் வேறுபடுவதே உண்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவ, விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பட்டாசு வட்டாரத்தின் வழக்கு பெரிதும் துணைசெய்யும். பாய்வதும் சுழல்வதும் வெடிப்பதும் அணைவதுமாகிய பொருள்களைப் பற்றிய பேச்சில் வினைச்சொல்லின் இயல்பு மறைவின்றிப் புலப்படுமன்றோ?

‘ராக்கெட் சீறிக்கொண்டு வானத்தில் ஏறிற்று’ என்றும், ‘தரைச்சக்கரம் சுழன்றுகொண்டே வீட்டுக்குள் புகுந்தது’ என்றும் நாம் கூறுகிறோம். இவற்றுள் ‘ஏறிற்று’, ‘புகுந்தது’ என்னும் முற்றுவினைகள் இயக்கத்தின் திசையை உணர்த்த, ‘சீறிக்கொண்டு’, ‘சுழன்றுகொண்டே’ என்னும் வினையெச்சங்கள் இயங்கிய விதத்தை உணர்த்துகின்றன. ஆங்கிலேயரோ, ‘தி ராக்கெட் ஷாட் அப் இன்டு தி ஸ்கை’ என்பர். ‘தி வீல் ஸ்பன் இன்டு தி ஹவுஸ்’ என்பர். நாம் எச்சத்தில் வைத்த சீற்றமும் சுழற்சியும் அங்கே முற்றுவினையாகிவிட, நாம் முற்றில் வைத்த ஏற்றமும் புகுதலும் ‘அப்’, ‘இன்டு’ என்னும் சிறு சொற்களில் ஒடுங்கிவிடுகின்றன. இயக்கத்தின் பாதையை வினையிலேயே அமைக்கும் மொழிகளும், வினையைச் சார்ந்த துணைச்சொல்லில் அமைக்கும் மொழிகளும் உலகில் உண்டென மொழியியலறிஞர் லெனர்ட் டால்மி 1985-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். தமிழ் முதல் வகையைச் சார்ந்தது. ஆங்கிலம் இரண்டாம் வகைக்குத் தக்க உதாரணம்.

இவ்வேறுபாட்டை உணராத பள்ளி இலக்கணம், ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்றவற்றை முன்னிடைச்சொற்கள் என்று பெயரிட்டு, வேற்றுமை உருபுகளுக்கு நிகராகக் கற்பித்துவிடுகிறது. ‘ரன் அப் தி ஹில்’ என்னுமிடத்து ‘அப்’ குன்றைச் சார்ந்து நிற்பதால் அந்நிகர் ஒருவாறு பொருந்தும். ‘புட் அவுட் தி ஃபயர்’ என்பதில் அது பொருந்தாது. இதனைப் ‘புட் தி ஃபயர் அவுட்’ என்று மாற்றியும் சொல்லலாம். பெயருக்குப் பதிலாகச் சுட்டுப்பெயர் வருமாயின் ‘புட் இட் அவுட்’ என்றே சொல்லுதல் வேண்டும். குன்றேறும் தொடரில் ‘அப்’ என்பதை இவ்வாறு இறுதிக்குப் பெயர்க்க இயலாமையால், ‘அவுட்’ நெருப்பைச் சாராது வினையையே சார்ந்தது என்பது தெளிவு. ‘அணைத்துவிடு’, ‘எரிந்துபோயிற்று’, ‘நமத்துப்போயிற்று’ என்று பட்டாசுத் தொழிலாளர் நாள்தோறும் வழங்கும் சொற்களில் ‘விடு’, ‘போ’ என்பன தம் சொந்தப் பொருளைத் துறந்து, செயலின் நிறைவையோ கேட்டையோ குறித்து நிற்கின்றனவே, அத்துணைவினைகளே இவ்வாங்கிலச் சொற்களுக்கு மெய்யான உறவினர். வேற்றுமையை ஓரியலிலும் வினையெச்சத்தை வேறோரியலிலும் வைத்து ஆராய்ந்த தொல்காப்பியரின் பாகுபாட்டை நினைவிற்கொண்டால், ஆங்கிலச் சிறுசொற்களை ஒரே குவியலாகக் கருதுதல் எத்துணைப் பிழையென்பது விளங்கும்.

இப்பிழை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. ‘கரண்ட் ஆஃப் ஆகிவிட்டது’ என்று பேசிப் பழகிய தமிழர்க்கு ‘ஆஃப்’ என்பது அணைதலையே குறிக்கும். ஆனால், ‘தி கிராக்கர் வென்ட் ஆஃப்’ என்றால் வெடி வெடித்துவிட்டது என்பது பொருள்; திரி அணைந்துவிட்டதைச் சொல்வதற்கு ‘வென்ட் அவுட்’ என்பரேயன்றி ‘வென்ட் ஆஃப்’ என்னார். மருந்தோடும் திரியோடும் புழங்கும் மக்களுக்கு அணைதலும் வெடித்தலும் மயங்குமாயின் விளையும் அனர்த்தத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். தமிழ்த் துணைவினை ஏறக்குறைய எவ்வினையோடும் ஒழுங்காகச் சேர்வது, ஆங்கிலச் சிறுசொல்லோ வினைதோறும் பொருள் மாறுவது; ஆகவே ஒப்புமை பொருந்தாது என்பது முதலாவது. இது ஏற்கத்தக்கதே. நாம் கூறும் ஒப்புமை தொழிலளவிலேயன்றி விதியளவில் அன்று. ‘எக்ஸ்டிங்விஷ்’, ‘அசென்ட்’, ‘என்டர்’ என ஒற்றைச் சொல்லாய் நிற்கும் வினைகள் ஆங்கிலத்திலும் உளவே என்பது இரண்டாவது. இவ்வாட்சேபம் நம் துணிபுக்கு அரணாகவே அமைகிறது. இவை லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து, பெரும்பாலும் எழுத்து வழக்கில் பயில்வன. அணைத்தல், ஏறுதல், நுழைதல் என்னும் நம் வினைகளோடு ஒன்றுக்கொன்று நேராக அமைவதால் தமிழ் மாணாக்கர் இவற்றை எளிதில் பற்றிக்கொள்கின்றனர். ஏட்டு ஆங்கிலம் கைவந்து, வீட்டு ஆங்கிலம் கைவராமற்போவதன் இரகசியம் இதுவே.

சொற்கிடக்கை முறையும் இதனோடு ஒட்டியதே. ‘திறந்த வெளியில் நீண்ட மத்தாப்பினால் கவனமாகத் திரியைப் பற்றவை’ என்னும் வாக்கியத்தில், இடமும் கருவியும் வினையடையும் செயப்படுபொருளும் ஒவ்வொன்றாக முன்வந்து, வினை ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை முதலில் நிற்க, திரியும் கவனமும் மத்தாப்பும் திறந்த வெளியும் இதற்கு நேர்மாறான வரிசையில் அதனைப் பின்தொடரும். வினைக்கு மிக நெருங்கியது எது, விலகியது எது என்னும் கணக்கு இங்கே இரு மொழிக்கும் பொதுவாயிருக்க, திசை மாத்திரமே மாறியுள்ளது. இதனை உணர்ந்த மாணாக்கன், ‘லைட் கேர்ஃபுலி தி ஃபியூஸ்’ என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வினையடையைப் புகுத்தான்.

ஆகவே, ஆங்கிலச் சிறுசொற்களைத் தனித்தனியே பொருளெழுதி மனனம் செய்விக்கும் முறையை விடுத்து, மாணாக்கர் வீட்டில் வழங்கும் வினையெச்சங்களோடும் துணைவினைகளோடும் இணைத்துக் கற்பித்தலே தக்கது. பட்டாசுப் பெட்டிகளின் மீது அச்சாகும் எச்சரிக்கைகளைத் தமிழாக்குவோரும், சிறுசொல்லுக்கு ஓர் உருபைத் தேடாமல், அதன் பொருளைத் தாங்கும் வினையைத் தேடுதல் வேண்டும். தாய்மொழியின் வினையமைப்பை நன்கறிந்தவனுக்கே பிறமொழியின் வினையமைப்பு வசப்படும். ஆதலின், ஆங்கில வகுப்பில் தமிழிலக்கணம் இடம்பெறுதல் அவ்வகுப்பின் பயனை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது.