கோடியக்கரைக்கு மீண்டும் ரயில் விட முடியுமா? - மாதிரி ரயில்களின் வரலாறு

கோடியக்கரை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கல்கியின் பொன்னியின் செல்வன்தான். படகோட்டும் பூங்குழலி, கலங்கரை விளக்கம், குழகர் கோயில், சதுப்பு நிலம். இன்னும் சிலருக்கு 1967-ல் அமைக்கப்பட்ட சரணாலயமும், அங்குள்ள வெளிமான்களும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கோடியக்கரைக்கு ஒரு காலத்தில் ரயில் போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

திருத்துறைப்பூண்டியில் பிரிந்து, வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரை வரை சென்றது ஒரு மீட்டர் கேஜ் பாதை. இன்று அதன் கடைசிப் பகுதி இல்லை. மறைந்துபோன இப்படிப்பட்ட பாதைகளை மேசை மேல் மறுபடியும் உயிர்ப்பிக்கும் ஒரு பொழுதுபோக்கு உலகம் முழுவதும் இருக்கிறது. அதுதான் மாதிரி ரயில் கட்டும் கலை. விளையாட்டாகத் தொடங்கி வரலாற்றைக் காக்கும் வேலையாக அது வளர்ந்த கதையே இக்கட்டுரை.

டெல்டாவுக்கு ரயில் வந்த கதை

தமிழகத்தில் ரயில் மிக முன்னதாகவே ஓடிய பகுதிகளுள் தஞ்சை மண்ணும் ஒன்று. நாகப்பட்டினம் - தஞ்சாவூர் பாதை 1861-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது திருச்சியைத் தொட்டது. முதலில் அகலப் பாதையாகப் போடப்பட்டு, 1870-களில் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது என்பது இதில் ஒரு வேடிக்கை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை மறுபடியும் அகலப்படுத்த வேண்டி வந்தது!

அடுத்து வந்தது தஞ்சாவூர் மாவட்ட போர்டு. நிலவரியோடு கூடுதலாக வசூலித்த பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை ரயில் பாதை போடப்பட்டது. இது 1894-ல் திறக்கப்பட்டது. அதாவது வயலில் நெல் விளைவித்த மக்களின் பணத்தில் வந்த ரயில் அது. அந்தப் பாதையிலிருந்து கிழக்கே கிளை பிரிந்து வேதாரண்யம் போனது. பின்னர் கோடியக்கரை வரை நீண்டது.

வேதாரண்யம் பகுதியின் உயிர் உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து, ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்தது இந்த மண்ணில்தான். அகஸ்தியம்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. அதே உப்பளங்களின் ஓரமாகத்தான் ரயிலும் ஓடியது.

1992-ல் இந்திய ரயில்வே எல்லாப் பாதைகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொன்றாக மீட்டர் கேஜ் பாதைகள் பெயர்க்கப்பட்டன. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி இடையே 37 கி.மீ. அகலப் பாதை, 294 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் பாதை அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிட்டது. கோடியக்கரைக்கு ரயில் திரும்பவில்லை.

பொம்மையாகப் பிறந்த ரயில்

மாதிரி ரயிலின் கதை இதற்கு வெகு தொலைவில், ஜெர்மனியில் தொடங்குகிறது. 1891-ல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் அதற்கான தண்டவாளத்தையும் விற்பனைக்கு வைத்தது. இதில் ரயிலை விட முக்கியமானது தண்டவாளம். இன்று ஒரு துண்டு வாங்கலாம். அடுத்த பிறந்த நாளுக்கு இன்னொரு துண்டு வாங்கி அதோடு சேர்க்கலாம். ஒரு பொம்மை முதன்முதலாக 'வளரத்' தொடங்கியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் தன் முதல் ரயிலை வெளியிட்டார்.

விரைவிலேயே பெரியவர்களும் இதில் இறங்கினார்கள். லண்டனில் 1910-லேயே மாதிரி ரயில் சங்கம் ஒன்று தோன்றியது. அமெரிக்காவில் 1934-ல் 'மாடல் ரெயில்ரோடர்' என்ற இதழ் வந்தது. 'நான் இப்படிக் கட்டினேன். அட்டையை இப்படி வெட்டினேன். இந்த இடத்தில் சொதப்பினேன்' என்று வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அங்கே இடம் கிடைத்தது. தனி அறையில் ஒளிந்திருந்த வேலை சமூகத்தின் வேலையாக மாறியது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒருவர் செய்த ரயில் இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடாது! ஒவ்வொரு நிறுவனத்தின் சக்கரமும் ஒவ்வொரு மாதிரி. இதைத் தீர்க்க 1935-ல் அமெரிக்காவில் தேசிய மாதிரி ரயில் சங்கம் அமைந்தது. சக்கரம், தண்டவாளம், இணைப்புக் கொக்கி ஆகியவற்றுக்குப் பொது அளவுகளை வகுத்தது. பகிர்ந்துகொள்ள ஆசை மட்டும் போதாது, பொதுவான அளவுகோலும் வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம்.

மேசைக்கு அடியில் பிறந்த கணினிப் பண்பாடு

கணினி படிக்கும் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு கிளைக்கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். அதில் இரண்டு கூட்டம். மேசைக்கு மேலே மலை, மரம், வீடு செய்பவர்கள் ஒரு பக்கம். மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களை வைத்து ரயில்களைக் கட்டுப்படுத்தும் சுற்றுகளை அமைப்பவர்கள் மறுபக்கம்.

இந்த இரண்டாவது கூட்டத்தினர்தான் 1950-களின் இறுதியில் கல்லூரிக் கணினிகளின் பக்கம் போனார்கள். 'ஹேக்' என்ற சொல்லைச் சாமர்த்தியமான வேலை என்ற பொருளில் புழக்கத்தில் விட்டவர்கள் இவர்களே. 1962-ல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டிலும் இச்சங்கத்தினரின் கை உண்டு. எழுதிய நிரலைப் பூட்டி வைக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கம் ரயில் மேசையிலிருந்தே கணினி அறைக்குச் சென்றது என்று சொன்னால் மிகையாகாது.

நினைவைக் காத்த மனிதர்

மாதிரி ரயில் வரலாற்றை எப்படிக் காக்கும் என்பதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் இங்கிலாந்து வந்த ராய் இங்லண்ட் என்ற இளைஞர், அங்குள்ள பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்டு வருந்தினார். வீடுகளை அவரால் காப்பாற்ற முடியாது. எனவே உள்ளது உள்ளபடி அளந்து, சிறிய அளவில் கட்டி வைக்க முடிவு செய்தார். 1954-ல் அது அருங்காட்சியகமாக உருவெடுத்தது. 1920, 30-களின் கிராமமும் அதன் ரயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர் தனியாக விட்டிருந்தால் அந்த வேலை அவரோடு முடிந்திருக்கும். அளவுகளையும் முறைகளையும் பிறருக்குக் கற்றுக் கொடுத்ததால், அவருக்குப் பிறகும் தன்னார்வலர்கள் அதைத் தொடர்கிறார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற சிறு ரயில் குவாலியர் அரண்மனையில் ஓடியது. விருந்து மேசையில் தண்டவாளம் போட்டு, பதார்த்தங்களைச் சுமந்து வரும் வெள்ளி ரயில் அது. இங்கிலாந்தின் பாசெட் லோக் நிறுவனம் செய்தது. மகாராஜாவுக்கு ஏற்ற பொழுதுபோக்கு!

சாமானியர்களுக்கு அந்த வாசலைத் திறந்தவர் புணேயைச் சேர்ந்த பி.எஸ்.ஜோஷி. தன் வாழ்நாள் ஆர்வத்தைக் கோத்ரூட் பகுதியில் ஓர் அருங்காட்சியகமாகவே ஆக்கி, 1998-ல் மக்களுக்குத் திறந்து வைத்தார். நீராவி ரயில் முதல் அதிவேக ரயில் வரை ஒரு சிறு நகரத்துக்குள் அங்கே ஓடுகின்றன.

மரமோ அட்டையோ இல்லாமல் கட்டியவர்களும் உண்டு. 2001-ல் மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டர் வெளியானபோது, இந்திய ரயில் ஆர்வலர்கள் நம் எஞ்சின்களையும் பெட்டிகளையும் கணினியில் வரைந்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். விலை உயர்ந்த வெளிநாட்டு மாதிரிகளை வாங்க முடியாத இளைஞர்களுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது.

கோடியக்கரையைக் கட்டுவது எப்படி?

இனி கணக்குக்கு வருவோம். உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு 1:87. அதாவது உண்மையான பொருளில் 87-ல் ஒரு பங்கு. இந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் 1435 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் இது சரியாக வரும். ஆனால் இந்திய அகலப் பாதை 1676 மி.மீ. அதற்கு 19 மி.மீ.க்கு மேல் தண்டவாளம் தேவை, கடையில் கிடைக்காது. கையால்தான் செய்ய வேண்டும், இல்லையேல் குறுகலான பாதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை குறைவு! 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. தண்டவாளம் ஏறத்தாழ அப்படியே பொருந்தும். நாட்டில் அழிந்துவரும் பாதைதான் மேசையில் எளிதாக அமைகிறது என்பது விந்தை.

அடுத்தது நிலம். மலைநாட்டு ரயிலைக் கட்டுபவர் குகைக்குள் ரயிலை மறைத்துத் திருப்பிக்கொள்வார். டெல்டாவில் அது நடக்காது. எல்லாம் தட்டை. உப்புப் பாத்திகள், கீற்று வேய்ந்த உப்பு அம்பாரங்கள், பனை மரங்கள், கருவேலங்காடு என்று மறைப்புக்கு உள்ளூர்ப் பொருளையே தேட வேண்டும். 1:87 அளவில் ஐந்தரை அடி மனிதர் 2 செ.மீ.க்கும் குறைவு. பூநாரை ஒன்றரை செ.மீ. வெளிமானின் தோள் உயரம் ஒரு செ.மீ. கூட இல்லை.

நீளம்தான் இடிக்கும். திருத்துறைப்பூண்டி முதல் அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கி.மீ. இந்த அளவில் 425 மீட்டர் வரும். எந்த வீட்டில் இருக்கிறது இவ்வளவு இடம்? இதற்கும் ஆர்வலர்கள் வழி கண்டிருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவில் 'என்-டிராக்' என்ற முறை வந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு பலகை அளவுக்குக் கட்டுவார். பலகையின் இரு ஓரங்களில் தண்டவாளம் வரும் இடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஒரு கூடத்தில் கூடிப் பலகைகளைச் சேர்த்தால் நீண்ட பாதை தயார். ஒருவர் வேதாரண்யம் நிலையம், ஒருவர் அகஸ்தியம்பள்ளி உப்பளம், ஒருவர் கோடியக்கரைக் காடு என்று பிரித்துக்கொண்டால், 425 மீட்டரும் தேவையில்லை. முக்கியமான இடங்களே போதும்.

காலம் குறைவு

கட்டத் தொடங்கும்போதுதான் கேள்விகள் எழும். நடைமேடை எவ்வளவு உயரம்? கைகாட்டி மரம் எந்தப் பக்கம்? எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே பிடித்தார்கள்? உப்பு மூட்டை எந்த வழியாக ஏறியது? பெயர்ப்பலகையில் எழுத்து என்ன நிறம்? சாதாரண வரலாற்றுப் புத்தகங்கள் இவற்றைக் கேட்பதில்லை. மாதிரி கட்டுபவர் கேட்டே ஆக வேண்டும். விடை தெரியாமல் அவரால் அடுத்த அட்டையை வெட்ட முடியாது.

இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அந்த வண்டிகளை ஓட்டியவர்கள், கேட் காத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், அதில் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. கட்டடங்களும் காத்திருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலும் இந்தக் கரையை என்ன செய்தன என்பது எல்லோரும் அறிந்ததே.

கோடியக்கரைக்கு உண்மையான ரயிலை விடுவது அரசாங்கத்தின் வேலை. சரணாலயத்தின் ஓரமாக அது வரலாமா என்பதும் தனி விவாதம். ஆனால் மேசை மேல் அந்த ரயிலை விட யாருடைய அனுமதியும் வேண்டாம். வேதாரண்யம் பக்கத்தில் தாத்தா பாட்டி உள்ளவர்கள் இந்த விடுமுறையில் அவர்களிடம் அந்த நிலையத்தைப் பற்றிக் கேட்டு, ஒரு தாளில் வரைந்து வைக்கலாம். அளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாள்தான் முதல் பலகை!