மீனைக் கொல்லாமல் மாசு கண்டறிதல்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

நீர்நிலைகளில் சேரும் பாதரசம் அங்குள்ள நுண்ணுயிரிகளால் மீத்தைல் பாதரசம் என்னும் நச்சாக மாறுகிறது. சிறிய மீன்களைப் பெரிய மீன்கள் உண்பதால் அதன் அளவு படிப்படியாகக் கூடுகிறது. ஜப்பானில் 1956ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மினமாட்டா நோய்க்கு, ஆலைக் கழிவிலிருந்து மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்த இந்நச்சே காரணம். அறிகுறி ஏதுமில்லாத தாய்மாருக்கும் மூளை பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன.

கொல்லாமல் சோதிப்பது ஏன்?

மாசு அளவை அறிய மீனைக் கொன்று தசையை அரைத்துச் சோதிப்பதே நெடுநாள் வழக்கம். அருகிவரும் இனங்களுக்கும் சிறிய ஏரிகளுக்கும் இது ஏற்றதன்று. உயிருடன் விடப்படும் மீனை அடையாளமிட்டு மீண்டும் சோதிக்கவும் இயலும்.

சோதனை முறைகள்

- தசைத் துணுக்கு: முதுகுப் பகுதியில் சில செதில்களை நீக்கி, மருத்துவமனைகளில் தோல் திசு எடுக்கப் பயன்படுவது போன்ற சிறு வட்டக் கத்தியால் துணுக்கு எடுக்கப்படுகிறது. புண்ணுக்கு மருந்திட்டு மீன் நீரில் விடப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆறுகளில் பாதரசத்தை அளக்க இம்முறையைப் பயன்படுத்தியுள்ளது.
- துடுப்பு நுனி: இதில் பாதரசம் தசையைவிடக் குறைவு. ஒவ்வோர் இனத்திலும் தசை அளவுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூற இயலும்.
- இரத்தம்: முட்டைக் கருவுக்கான புரதம் பெண் மீன்களுக்கு உரியது. ஆண் மீனின் இரத்தத்தில் அது மிகுந்திருந்தால், கழிவுநீர் வழியாகப் பெண் இயக்குநீர் போன்ற பொருள்கள் கலந்திருப்பதை அது காட்டும்.

கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளின் பாதிப்பை முழுமையாக ஆராய இம்முறைகள் போதா.

உங்களுக்கு இதன் பொருள் என்ன?

மீனில் காணப்படும் அளவு அந்நீர்நிலையின் நிலையையே காட்டும். உங்கள் உடலில் உள்ள அளவை இரத்தம் அல்லது தலைமுடிச் சோதனையே காட்டும்.

- மீன் உண்பதை முற்றிலும் நிறுத்த வேண்டாம். அது நல்ல புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் தரும் உணவு.
- கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் ஆகியோர் சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களைத் தேர்ந்தெடுக்கலாம்.
- மீத்தைல் பாதரசம் தசைப் புரதத்துடன் பிணைந்திருப்பதால், கழுவுவதாலோ சமைப்பதாலோ நீங்காது.
- உட்கொள்வதைக் குறைத்தால், இரத்தத்தில் உள்ள அளவு ஏறத்தாழ 50 நாள்களில் பாதியாகக் குறையும். நச்சை வெளியேற்றுவதாக விற்கப்படும் மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளாதீர்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

கைகால்களிலோ வாயைச் சுற்றியோ மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வைப் பரப்பு சுருங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுகுங்கள். எவ்வகை மீனை, வாரத்திற்கு எத்தனை முறை உண்கிறீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.