மந்திரிகளும் புதிய மேடையும்

ஆள்வோர் ஆளப்படுவோருடன் இடையில் ஆளின்றிப் பேசுவது நமது நாட்டில் அண்மைக் காலத்து வழக்கமேயாகும். பழைய தோட்ட ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தொழிலாளி தன் குறையைக் கங்காணியிடம் சொல்வான். கங்காணி கிராணியிடம் சொல்வார். கிராணி எவ்வளவு சொன்னாரோ அவ்வளவே துரையின் காதில் விழும். துரையின் வாக்கும் அதே படிகளில் இறங்கித்தான் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும். நகரங்களில் பத்திரிகைகளும் வெகுகாலம் இத்தகைய கங்காணி வேலையையே செய்தன என்றால் அது மிகையன்று. பெரிய பத்திரிகைகள் சிலவற்றில் ஆளுங் கட்சிகளுக்குப் பங்கு இருந்தது. 1984-ம் வருடத்து அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமோ, வருடந்தோறும் உத்தரவைப் புதுப்பித்துக் கொள்ளும்படி பத்திரிகை நடத்துவோரைக் கட்டாயப்படுத்திற்று. 2012-ல்தான் அக்கட்டாயம் நீங்கியது.

இச்சுவரில் வாசல் திறந்தவர் யார்? விநோதம் என்னவெனில், பிரதம மந்திரி மகாதீரேதான். 1996-ல் கணினித் தொழிலுக்கு அன்னிய முதலீட்டை வரவழைக்க அவர் பெருந்திட்டமொன்றை வகுத்தபோது, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லையென அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. வியாபாரிகளுக்கென்று திறந்த வாசலில் அரசியல் நுழைந்து விட்டது. 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டதும், பத்திரிகைகளில் இடம் கிடையாத அவருடைய ஆதரவாளர்கள் இணையப் பக்கங்களில் எழுதலாயினர். 1999 நவம்பரில் மலேசியாகினி தோன்றிற்று. எனினும் அம்மாதம் 29-ல் நடந்த பொதுத் தேர்தலில் ஆளுங் கூட்டணியே மூன்றில் இரண்டு பங்கு ஸ்தானங்களைப் பெற்றது. இணையம் அன்று பட்டணத்துப் படித்தவரின் பொருளாகவே இருந்தது. லயத்து வீடுகளை எட்டவில்லை.

எட்டியது கைப்பேசி. 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூரில் பல்லாயிரக்கணக்கான தமிழர் திரண்டதும், போலீசார் கண்ணீர்ப்புகை வீசியதும் வாசகர் அறிந்ததே. ஊரூராக நடந்த கூட்டங்களும், கைக்குக் கை பரவிய குறுஞ்செய்திகளும் அக்கூட்டத்தைச் சேர்த்தன. அடுத்த தேர்தல் 2008 மார்ச் 8-ல் வந்தது. 222 ஸ்தானங்களில் ஆளுங் கூட்டணிக்கு 140 மட்டுமே கிடைக்க, 1969-க்குப் பின் முதன்முறையாக அதன் மூன்றில் இரண்டு பங்குப் பலம் உடைந்தது. வலைப்பூவில் எழுதிப் பேர் பெற்ற ஜெப் ஊய், டோனி புவா ஆகியோர் பார்லிமெண்டு அங்கத்தினராயினர். விசாரணையின்றிச் சிறையிலிருந்த மனோகரன், மேடையேறி ஒரு வார்த்தை பேசாமலே, சிலாங்கூர்ச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த சாமிவேலு அத்தொகுதியை இழந்தார். இணையத்தை அலட்சியம் செய்தது பிழையென அம்மாதமே ஒப்புக்கொண்டார் பிரதமர் அப்துல்லா.

அதன் பிறகு மந்திரிகள் புதிய மேடையைத் தேடி ஓடினர். ஓய்விலிருந்த மகாதீர் 2008 மே மாதம் வலைப்பூ தொடங்கினார். சிங்கப்பூரில் 2006 தேர்தலின்போது அரசியல் ஒலிப்பதிவுகளை இணையத்தில் விடத் தடையிருந்தது. 2011 தேர்தலிலோ பிரதமர் லீ சியன் லூங்கே முகநூலில் ஜனங்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். கேள்வி கேட்க ஜனங்களுக்கு இடமிருந்த அந்த உரையாடலை நாம் மெச்சுகிறோம். பெரும்பாலான மந்திரிகள் அப்படிச் செய்வதில்லை. விருந்துண்ணும் படமும், பண்டிகை வாழ்த்துமே அவர்கள் பக்கங்களில் மிகுதி. கீழே பள்ளிக்கூடக் கூரையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஜனங்கள் எழுதுவதை வாசிப்பவர் யாரோ!

இம்மேடையின் வல்லமையை நஜிப்பைப் போல் அறிந்தவர் இல்லை. 2018 மே மாதம் தோற்று, வழக்குகளில் சிக்கிய அவர், 2019 ஜனவரியில் மோட்டார் சைக்கிளருகே நின்ற படத்துடனும், "வெட்கமென்ன, முதலாளி" எனப் பொருள்படும் மலாய் வாசகத்துடனும் முகநூலில் தோன்றினார். பிரபுக் குடும்பத்தார் ஒருவர் ஏழையின் தோழரென ஏற்கப்பட்டார். 2020 ஜூலையில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்த பின்னரும் கூட்டம் குறையவில்லை. 2022 ஆகஸ்டு 23-ல் சிறை சென்றார். முகநூலில் அவர் விரும்பிய கேள்விக்கே விடை சொன்னார். நீதிமன்றத்திலோ கேட்ட கேள்விக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

கங்காணி ஒழிந்தாரா என்றால், அதுவுமில்லை. 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் 18 வயது இளைஞரும் வாக்களித்தனர்; அவர்களைத் தேடிக் கட்சிகள் டிக்டாக்குக்குச் சென்றன. தேர்தல் முடிந்ததும் 1969 மே 13 கலகத்தை நினைவூட்டி மிரட்டும் காட்சிகள் அங்கே பரவின. எந்தக் காட்சி யார் கண்ணில் படவேண்டுமென்று தீர்மானிப்பது அன்னியக் கம்பெனியின் இயந்திரக் கணக்கு. அதன் பேரில் நமக்கும் நம்பிக்கையில்லை. ஆயினும் அரசாங்கம் கண்ட பரிகாரம் பழைய ஞாபகங்களைக் கிளறுகின்றது: 80 லட்சம் பேருக்குமேல் உபயோகிப்போரைக் கொண்ட சமூக ஊடகக் கம்பெனிகள் 2025 ஜனவரி 1 முதல் வருடாந்தர உத்தரவு பெற வேண்டுமென விதித்தது.