ஃபேரர் பார்க் எந்தப் பாடத்தில் வரும்?

சிங்கப்பூரில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பவர்கள் குறைவு. ஆனால் முடியாத காரியம் இல்லை. 2003-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்கப்பள்ளிப் படிப்புக்குத்தான். விலக்கு வாங்கி, பிஎஸ்எல்இ தேர்வையும் எழுதி முடித்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன புத்தகம் என்பது வீட்டின் முடிவு. ஓ லெவல் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். என் அக்கா மகள் அப்படித்தான் படிக்கிறாள். வயது 15. இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போன என் தலையில் அக்கா வரலாற்றையும் கட்டிவிட்டார்.

இயற்பியலுக்கு எந்தப் புத்தகம் வாங்கினாலும் நியூட்டன் விதி மாறப்போவதில்லை. வரலாறு அப்படி இல்லை, அட்டையிலேயே மாறுகிறது. 2007-இல் வந்த உயர்நிலைப் பாடநூலின் தலைப்பு, 1819-க்கு முன்பிருந்து 1971 வரை என்று சொன்னது. 2014-இல் வந்தது 1300 முதல் 1975 வரை என்றது. ராஃபிள்ஸ் வந்து இறங்கிய நாளிலிருந்து கதையைச் சொன்னால் இது வெள்ளைக்காரர் உருவாக்கிய ஊர். 1300-லிருந்து சொன்னால், அவருக்கு ஐந்நூறு வருஷம் முன்பே கடல் வணிகம் நடந்த தீவு. ரெண்டுமே பொய் இல்லை. எங்கே தொடங்குவது என்பதும் ஒரு வாதம்தான் என்று அவளுக்குப் புரியவைக்க இந்த இரண்டு அட்டைகளே போதுமானதாக இருந்தன.

சிக்கல் ஜப்பானியர் காலத்தில் வந்தது. பிப்ரவரி 15 இங்கே முழுமைத் தற்காப்பு தினம். 1942-இல் புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்த நாள் அது. மாலை 6.20-க்குத் தீவு முழுக்கச் சைரன் ஒலிக்கும். நம்மை நாம்தான் காக்க வேண்டும் என்பது பாடம். நல்ல பாடம்தான்.

ஆனால் லிட்டில் இந்தியாவில் இருந்துகொண்டு கேட்டால், இன்னொரு தேதியும் உண்டு. சரணடைந்து இரண்டே நாளில், பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையின் 40,000-க்கும் மேற்பட்ட வீரர்களை ஃபேரர் பார்க் திடலுக்கு வரச்சொன்னார்கள். அங்கே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அடுத்து கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்துக்கான விதை அந்தத் திடலில்தான் விழுந்தது. முஸ்தபாவிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் போய்விடலாம். அன்று சேர மறுத்தவர்கள் போர்க்கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களில் பலர் நியூ கினி வரை கொண்டுபோகப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. தளபதி, சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த லட்சுமி. படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். எழுத்தறிவே இல்லாத பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் கதை இது. இதை விட்டுவிட்டு அவளுக்கு வரலாறு சொல்ல எனக்கு மனசில்லை.

அதே மாதம் 17-ஆம் தேதியையும் பார்க்க வேண்டும். சயாம் - பர்மா ரயில்பாதையின் இரண்டு முனைகளும் அன்று சந்தித்தன. நீளம் 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அந்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் மிக அதிகம். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான பட்டியல்கூட இல்லை. ஒரே தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண் படைக்கும், ஒரு ஆண் ரயில்பாதைக்கும் போயிருக்க முடியும். இரண்டு இடத்திலும் மேலே இருந்தது ஒரே ஜப்பானிய ராணுவம். நான்கு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பெரும்பாலும் பார்க்க முடிவதில்லை.

இதோடு சீன அண்டை வீட்டாரின் நினைவையும் வைக்க வேண்டும். சூக் சிங் படுகொலையில் இறந்தவர்கள் 5,000 பேர் என்பது ஜப்பானியத் தரப்பின் கணக்கு, சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2017-இல் ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்கு ‘சியோனான் காட்சிக்கூடம்’ என்று பெயர் வைத்தார்கள். சியோனான் என்பது ஜப்பானியர் இந்த ஊருக்கு வைத்த பெயர். எதிர்ப்பு கிளம்பவே, திறந்த சில நாட்களிலேயே பெயரை எடுத்துவிட்டார்கள்.

“மாமா, அப்ப நேதாஜி நல்லவரா கெட்டவரா?” என்று கேட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் புத்தகம் எதையும் வாங்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன்.

எங்கள் பட்டியல் இப்படி அமைந்தது. தேர்வுக்குப் பாடநூல், அதில் சமரசம் இல்லை. ஓ லெவல் கேட்பது ஹிட்லர், ஸ்டாலின், கொரியப் போர், வியட்நாம் போர். ஆனால் அதே தேர்வில் சான்றுகளை ஒப்பிட்டு நம்பகத்தன்மையை எடைபோடும் பகுதியும் உண்டு. அந்தப் பயிற்சிக்கு ஊர்ச் சான்றுகளை எடுத்துக்கொண்டோம். தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ஜப்பானியர் நடத்திய நாளிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. யார் அச்சிட்டது, யாருக்காக என்ற கேள்வி அங்கே தானாக வந்துவிடும். 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் பதிவுகள் இன்னொரு பக்கம். நாற்பது வருஷம் கழித்துச் சொல்லும் நினைவு எங்கே நழுவுகிறது, எதை விடாமல் பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பழகலாம்.

மூன்றாவது, நாவல்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. நாவலைச் சான்றாக வைக்கலாமா என்று அக்கா கேட்டார். எண்ணிக்கைக்கும் தேதிக்கும் வைக்க முடியாது. ஆனால் சிங்காரத்தின் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தும் எதையும் முழுசாக நம்பாதவன். விசுவாசத்துக்கும் துரோகத்துக்கும் நடுவில் மனிதர்கள் எப்படி நாளை ஓட்டினார்கள் என்பதற்கு அவனைவிட நல்ல துணை கிடைக்காது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் சொத்து இது.

கடைசிப் பாடத்துக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்தது. 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டியது. செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வைக்கப்பட்டது. அதே பூங்காவில், ஜப்பானியரை எதிர்த்து ரகசியப் படையில் இயங்கி 1944-இல் சிறையில் இறந்த லிம் போ செங்கின் நினைவுச்சின்னமும் நிற்கிறது. எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களுக்கு ஒரே புல்வெளி. ரயில்பாதையில் செத்த தோட்டத் தமிழனுக்கு அங்கே கல் இல்லை. இந்த மூன்றையும் வைத்து அவள் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. அது தெரிந்துதான் எழுதுகிறாள்.